அத்தியாயம் 9: டிரையர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது

கொடியில் துணி காயப்போட்டு வளர்ந்தவர்கள் நாம். டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ குடியேறிய பிறகு, வீட்டுத் துணி முழுவதும் பேஸ்மென்ட் மூலையில் நிற்கும் ஒரு பெட்டிக்குள் காய்கிறது. துணி காய்ந்து வரும்வரை அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குள் 5,000 வாட்டுக்கும் மேற்பட்ட ஹீட்டர் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, எளிதில் பற்றக்கூடிய பஞ்சுத் தூசியும் சேர்கிறது. 2008 முதல் 2010 வரையிலான விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரில் தொடங்கியதாகக் கணக்கிட்டது. அவற்றுக்கான காரணங்களில் முதலிடம் பெற்றது சுத்தம் செய்யாமை: 34 சதவீதம்.

வட அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள, ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் மின்சார டிரையருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. உங்களுடையது கேஸ் டிரையர் என்றால் ஃபில்டர், குழாய், வெளிவாய் மூன்றையும் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதை உரிமம் பெற்ற பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

இந்த நிலையில் உடனே நிறுத்துங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும், காரணம் கண்டுபிடிக்கும்வரை டிரையரை ஓட்டக் கூடாது.

- கருகல் வாடை வருகிறது.
- துணியில் பழுப்பு நிறத் தழும்புகள் விழுகின்றன.
- டிரையரின் மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை.
- டிரம் நின்ற பிறகும் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது.
- பிளக்கோ, சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டோ சூடாக இருக்கிறது அல்லது நிறம் மாறியிருக்கிறது.

டிரம் நின்ற பிறகும் சூடு ஏறினால் டிரையரின் சுவிட்சை நம்பாதீர்கள். மின்பலகைக்குப் போய் டிரையருக்கான பிரேக்கரை இறக்குங்கள்.

புகை வந்தால் டிரையரின் கதவைத் திறக்காதீர்கள். திறந்ததும் உள்ளே புதுக்காற்று புகுந்து தீயை வளர்க்கும். வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 911-ஐ அழையுங்கள்.

இரண்டு நிமிட விளக்கம்

அறையிலிருந்து உள்ளே போகும் காற்று ஹீட்டரைக் கடந்து சூடாகிறது. டிரம்மில் சுழலும் துணியிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. ஃபில்டரில் பஞ்சை விட்டுவிட்டு, ப்ளோயர் என்ற விசிறியின் தள்ளலில் குழாய் வழியே வெளியேறுகிறது. ஹீட்டரின் சூட்டை அள்ளிக்கொண்டு போவது இந்தக் காற்று ஒன்றுதான். அது குறைந்தால் சூடு உள்ளேயே தேங்கும். ஆகவே தேடலைக் காற்றின் பாதையில் தொடங்குங்கள். முதலில் வீட்டுக்கு வெளியே, பிறகு குழாய், பிறகு இயந்திரம், கடைசியாக மின்பாகங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு வாக்குவம் கிளீனரில் தீர வேண்டிய விஷயத்துக்கு ஹீட்டரையே மாற்றிச் செலவழிப்பவர்கள் இந்த வரிசையைத் தவறவிட்டவர்களே.

எந்தப் பக்கம் கோளாறு என்பதைத் துணியே ஓரளவு சொல்லிவிடும்.

- துணி கொதிக்கிறது, ஆனால் ஈரம் போகவில்லை. இரண்டாம் முறையும் ஓட்ட வேண்டியிருக்கிறது: காற்றுப் பாதையில் அடைப்பு.
- துணி சீக்கிரமே மொடமொடவென்று காய்கிறது, வெளியே காற்றும் பலமாக வருகிறது: சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகத்தில் பழுது.

தேவையான பொருட்கள்

1. டார்ச்
2. நீண்ட பிடி கொண்ட டிரையர் குழாய்ப் பிரஷ்
3. ஒடுங்கிய முனை பொருத்தக்கூடிய வாக்குவம் கிளீனர்
4. ஸ்க்ரூடிரைவர், நட் டிரைவர்
5. அலுமினிய ஒட்டு டேப்
6. 100 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் சமையலறைத் தெர்மாமீட்டர்
7. மல்ட்டிமீட்டர்
8. கையுறை (உள்தகடுகளின் ஓரங்கள் கையை அறுக்கும்)

பகுதி 1: வெளியிலும் குழாயிலும்

*படி 1. வெளிவாயைப் பாருங்கள்.* டிரையரைச் சூடில்லாத காற்று நிலையில் ஓடவிட்டு வெளியே போங்கள். சுவரிலுள்ள மூடி நன்றாகத் திறந்து, கையில் பலமாகக் காற்று மோத வேண்டும். மூடி பாதி திறந்து துடித்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. பனிக்காலத்தில் குவிந்த பனியோ, உறைந்த ஈரமோ மூடியைப் பிடித்துக்கொள்ளும். வசந்தத்தில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். பறவை வரக் கூடாதென்று கம்பிவலை அடித்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் அதில் பஞ்சு படிந்து வாயே மூடிப்போகும். வலை இல்லாமல், தானாக மூடிக்கொள்ளும் மூடியே போதும்.

*படி 2. ஃபில்டரைக் கழுவுங்கள்.* ஒவ்வொரு முறையும் பஞ்சை எடுப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. வாசனைக்காகப் போடும் சாஃப்ட்னர் தாள்கள் வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தை விட்டுச்செல்லும். ஃபில்டரைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் வலையில் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். சோப்பும் வெந்நீரும் சேர்த்து மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலர்ந்த பின் பொருத்துங்கள். வலை கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள்.

*படி 3. பின்பக்கக் குழாயைப் பாருங்கள்.* பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரையரை மெதுவாக முன்னே இழுங்கள். தரையில் கீறல் விழாமலிருக்க ஒரு பழைய கம்பளத் துண்டைக் கால்களுக்கு அடியில் கொடுக்கலாம். குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இடம் மிச்சப்படுத்த டிரையரைச் சுவரோடு ஒட்டித் தள்ளிய வீடுகளில் பெரும்பாலும் அடைப்பு இருப்பது இங்கேதான்.

*படி 4. குழாயின் வகையைச் சரிபாருங்கள்.* 4 அங்குல விட்டம் கொண்ட, உள்ளே வழுவழுப்பான உலோகக் குழாயே சிறந்தது. வளைவு தேவைப்படும் இடத்தில் ஓரளவு வளையும் உலோகக் குழாய் பரவாயில்லை. வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருந்தால் உடனே கழற்றி எறியுங்கள். தீப்பிடித்தால் அதுவே உருகி எரியும். இணைப்புகளில் உள்ளே நீட்டும் ஸ்க்ரூ போடக் கூடாது. அதன் முனையில் பஞ்சு சிக்கிக் கொத்தாகும். துணி டேப்பும் கூடாது. சூட்டில் பசை உலர்ந்து உதிர்ந்துவிடும். அலுமினிய டேப் பயன்படுத்துங்கள்.

*படி 5. நீளத்தைக் கணக்கிடுங்கள்.* அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு பொதுவாக 35 அடியை உச்ச நீளமாக வைக்கிறது. ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் அதிலிருந்து 5 அடியும், 45 டிகிரி வளைவுக்கு 2.5 அடியும் கழிக்க வேண்டும். 20 அடிக் குழாயில் மூன்று 90 டிகிரி வளைவுகள் இருந்தால் 20 + 15 = 35; எல்லைக்கே வந்துவிட்டது. உங்கள் மாடலின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

*படி 6. குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.* இரு முனைகளையும் கழற்றிக்கொள்ளுங்கள். பிரஷை மரை இறுகும் திசையில் மட்டுமே சுழற்றியபடி உள்ளே விடுங்கள். எதிர்த்திசையில் சுழற்றினால் பிடியின் மரைகள் கழன்று பிரஷ் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். வந்த பஞ்சை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். ஒரு முனையில் டார்ச் அடித்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரிய வேண்டும். வளைவுள்ள குழாயானால் பகுதி பகுதியாகப் பாருங்கள்.

*படி 7. அறைக்குக் காற்று வருகிறதா?* அலமாரி போன்ற சிறு அறைக்குள் டிரையர் இருந்தால், கதவை மூடியதும் உள்ளே போகவே காற்று இருக்காது. கதவைத் திறந்து வைத்து ஓட்டும்போது நிலைமை மாறினால் காரணம் அதுதான். இத்தகைய அடைப்பறையில் குறைந்தது 100 சதுர அங்குலத் திறப்பு வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. இடைவெளிப் பட்டைகள் உள்ள கதவு மாட்டினால் பிரச்சினை தீரும்.

குறிப்பு: குழாயைக் கழற்றி, ஈரக்காற்றை வீட்டுக்குள்ளேயே விடுவது தீர்வல்ல. சுவரில் பூஞ்சை பிடிக்கும், பஞ்சு வீடெங்கும் பறக்கும். கேஸ் டிரையரில் இது உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம்.

பகுதி 2: கோளாறு குழாயிலா, இயந்திரத்திலா?

இந்தச் சோதனை மின்சார டிரையருக்கு மட்டும்.

1. குழாயைக் கழற்றிய நிலையில் டிரையரின் பின்பக்க வாய் திறந்திருக்கட்டும். ஃபில்டர் அதன் இடத்தில் இருக்க வேண்டும்.
2. காலி டிரம்மோடு, நேரம் வைத்து ஓட்டும் முறையில் அதிகச் சூட்டைத் தேர்ந்தெடுங்கள்.
3. தெர்மாமீட்டர் முனையைப் பின்பக்க வாயில் பிடித்து 10 முதல் 15 நிமிடம் கவனியுங்கள். அங்கிருந்து நகராதீர்கள்.
4. பல மாடல்களில் சூடு 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கமே ஆரோக்கியமான டிரையரின் அடையாளம்.
5. 80 டிகிரியைத் தொட்டும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்தி பிளக்கைப் பிடுங்குங்கள்.

முடிவை இப்படிப் படியுங்கள்:

- குழாய் இல்லாதபோது சூடு ஒழுங்காக இருக்கிறது, மாட்டினால் மிஞ்சுகிறது: கோளாறு குழாயில்தான். பகுதி 1-ஐ மீண்டும் செய்யுங்கள்.
- குழாய் இல்லாமலும் காற்று பலவீனமாக வருகிறது: ப்ளோயர், உள்பாதை அல்லது டிரம் சீல். பகுதி 3-க்குப் போங்கள்.
- காற்று பலமாக இருந்தும் சூடு இறங்கவில்லை: மின்பாகங்கள். பகுதி 4-க்குப் போங்கள்.

பகுதி 3: இயந்திரத்துக்குள் காற்று

பிளக்கைப் பிடுங்கிய பிறகே தகட்டைக் கழற்ற வேண்டும். அமெரிக்கா, கனடாவில் மின்சார டிரையர் 240 வோல்ட்டில் ஓடுகிறது. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே சில முனைகளில் மின்சாரம் இருக்கும்.

1. உள்பாதை: ஃபில்டர் நுழையும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் அடியில் தேங்கிய பஞ்சை ஒடுங்கிய முனையால் உறிஞ்சுங்கள்.
2. பெட்டியின் அடிப்பகுதி: ஹீட்டரையும் மோட்டாரையும் சுற்றிச் சேர்ந்திருக்கும் பஞ்சை எடுங்கள். தீ தொடங்கும் இடம் இதுவாகவே இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.
3. ப்ளோயர் சக்கரம்: கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். மோட்டார் தண்டு அசையாமல் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றினால் அதன் நடுத்துளை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இதழ்களுக்கு இடையே காலுறை, காசு, பஞ்சுக்கட்டி சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.
4. டிரம் சீல்: டிரம்மின் விளிம்பைச் சுற்றியுள்ள ஃபெல்ட் பட்டை கிழிந்திருந்தால், காற்று ஹீட்டர் வழியாக வராமல் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். ஹீட்டர் தன் சூட்டிலேயே வேகும். கதவின் ரப்பர் சீலையும் இதேபோல் பாருங்கள்.

பகுதி 4: மின்பாகங்கள்

மல்ட்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திப் பணியாளரை அழைக்கலாம். பழக்கமுள்ளவர்கள் பிளக் வெளியே இருப்பதை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வயர்களைக் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை அளந்தாலும் அதிலிருந்து வயரைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும்.

*1. ஹீட்டர் சுருள்.* ஒற்றைச் சுருள் கொண்ட பல மாடல்களில் இரு முனைகளுக்கும் இடையே 10 ஓம் அளவில் காட்டும். முக்கியமான அளவீடு அடுத்தது: ஒவ்வொரு முனைக்கும் ஹீட்டரின் உலோகக் கூட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் தொய்ந்தோ அறுந்தோ கூட்டைத் தொடுகிறது. சில மாடல்களில் 240 வோல்ட் வயர்கள் இரண்டில் ஒன்று எப்போதும் சுருளோடு இணைந்திருப்பதால், தெர்மோஸ்டாட் துண்டித்தாலும், ஏன், டிரையரையே அணைத்தாலும், கூட்டின் வழியே மின்சாரம் ஓடிச் சுருளின் ஒரு பகுதி எரிந்துகொண்டே இருக்கும். பிரேக்கரும் விழாமல் போகலாம். டிரம் நின்றபின் சூடு ஏறுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஹீட்டரை முழுவதும் மாற்றுங்கள். சுருளை முறுக்கி ஒட்டுப்போடாதீர்கள்.

*2. இயக்கத் தெர்மோஸ்டாட்.* ப்ளோயர் கூட்டின் மேல் இருக்கும். சூட்டை ஏற்றி இறக்குவது இதன் வேலை. பல மாடல்களில் 68 டிகிரி செல்சியஸ் அளவில் ஹீட்டரைத் துண்டிக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அறைச் சூட்டில் அளந்தால் நல்ல தெர்மோஸ்டாட்டும் பூஜ்ஜிய ஓம் காட்டும். ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும் தெர்மோஸ்டாட்டும் அதையே காட்டும். ஆகவே மீட்டரை மட்டும் வைத்து இது நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். பகுதி 2-இன் சூட்டுச் சோதனையில் தேறாமல், ஹீட்டர் சுருளும் சரியாக இருந்தால் இதை மாற்றுங்கள்.

*3. தெர்மிஸ்டர்.* மின்னணுப் பலகை கொண்ட புதிய மாடல்களில் தெர்மோஸ்டாட்டின் வேலையை இது செய்யும். பலவற்றில் 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினால் அளவு குறைய வேண்டும். அசையவே இல்லையென்றால் பழுது.

*4. மின்னணுப் பலகையின் ரிலே.* மேற்சொன்ன யாவும் சரியாக இருந்தும் ஹீட்டர் அணையவில்லையென்றால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டியிருக்கலாம். இதைப் பணியாளரிடம் விடுங்கள்.

*5. தெர்மல் ஃபியூஸ்.* சூடு எல்லை மீறும்போது தன்னை எரித்துக்கொண்டு வீட்டைக் காப்பது இது. எரிந்தால் மாடலைப் பொறுத்து டிரையர் தொடங்காது அல்லது சூடாகாது. மீட்டரில் தொடர்பு காட்டாவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ஃபியூஸ் எரிந்தது நோயின் அறிகுறி மட்டுமே. காற்றுத் தடையையோ கெட்ட தெர்மோஸ்டாட்டையோ சரிசெய்யாமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் எரியும். ஹீட்டர் கூட்டின் மேலுள்ள உயர்சூட்டுத் தெர்மோஸ்டாட்டும் அதன் ஃபியூஸும் ஒரே தொகுப்பாக விற்கப்பட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எச்சரிக்கை: தெர்மல் ஃபியூஸின் இரு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி டிரையரை ஓட்டாதீர்கள். ஒரு நாளைக்கு என்றாலும் கூடாது. அதற்குப் பின் தீயைத் தடுக்கும் கடைசிக் காவலும் உள்ளே இருக்காது.

பாகம் வாங்கும்போது கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே வடிவத்தில், வெவ்வேறு சூட்டில் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்கள் விற்கின்றன. உருவம் ஒன்றாக இருக்கிறதென்று வாங்கினால் பழைய கோளாறே திரும்பி வரும். அதே எண்ணை வைத்து, உங்கள் மாடல் திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கனடாவில் கனடா சுகாதாரத் துறையும், அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் அந்தப் பட்டியலை வெளியிடுகின்றன.

மீண்டும் பொருத்தியபின்

1. படத்தைப் பார்த்து வயர்களை மாட்டுங்கள். தளர்ந்த இணைப்பு அதுவே சூடாகும்.
2. குழாயை இணைத்து, டிரையரை மெதுவாகப் பின்னே தள்ளுங்கள். மேலிருந்து டார்ச் அடித்து, குழாய் நசுங்கவில்லை என்று பாருங்கள்.
3. ஈரத் துண்டுகள் சிலவற்றைப் போட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். அருகிலேயே இருங்கள்.
4. வெளிவாயில் காற்று, மேல்தகட்டின் சூடு, வாடை, பிளக்கின் சூடு நான்கையும் சரிபாருங்கள்.
5. அணைத்தபின் ஹீட்டரும் அணைந்ததா என்று உறுதி செய்யுங்கள்.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

- எண்ணெய்க் குளியல் துண்டு: தீபாவளியன்றும் சனிக்கிழமைகளிலும் தலை துவட்டிய துண்டு, அடுப்படி துடைத்த துணி, விளக்கு துடைத்த துணி ஆகியவற்றில் துவைத்த பின்னும் எண்ணெய் தங்கும். நல்லெண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தாமே சூட்டை உண்டாக்கும். டிரையரின் சூடு அதைத் தூண்டிவிடும். சூடாக எடுத்துக் குவித்து வைத்த துணி, டிரையரை அணைத்துச் சில மணி நேரம் கழித்தும் பற்றக்கூடும். இத்துணிகளைக் கொடியில் உலர்த்துங்கள்.
- இடையில் நிறுத்துவது: கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் ஓடுவது துணியைக் குளிர்விக்கத்தான். அவசரத்தில் நிறுத்தினால் துணியை உள்ளே விடாமல் எடுத்துப் பரப்பிவிடுங்கள்.
- அளவுக்கு மேல் திணிப்பது: துணி புரண்டு விழ இடம் இல்லாவிட்டால் காற்றும் போகாது.
- ரப்பர் அடிப்பாகம் கொண்ட கால்மிதி, நுரைத் தலையணை: இவற்றை டிரையரில் போடவே கூடாது.
- இரவில் ஓடவிட்டுத் தூங்குவது: ஒண்டாரியோவில் ஒரு திட்டத்தில் மாலை 7 மணிக்குப் பிறகு மின்கட்டணம் குறைவு, இன்னொரு திட்டத்தில் இரவு 11 மணிக்குப் பின் இன்னும் குறைவு. அதற்காகவே பலர் படுக்கப்போகும்போது டிரையரைத் தொடங்குகிறார்கள். 7 மணிக்குத் தொடங்கி, படுக்குமுன் முடித்துவிடுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் ஓடவிடாதீர்கள்.
- வாடகை வீட்டில் பொறுத்துக்கொள்வது: சுவருக்குள் போகும் குழாயை நீங்கள் கழற்ற முடியாது. வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதுவரை அந்த டிரையரைப் பயன்படுத்தாதீர்கள்.

பராமரிப்பு அட்டவணை

- ஒவ்வொரு முறையும்: ஃபில்டர் பஞ்சை எடுக்கவும்.
- மாதம் ஒரு முறை: ஃபில்டரைக் கழுவவும், வெளிவாய் மூடி திறக்கிறதா பார்க்கவும்.
- பனி பெய்த மறுநாள்: வெளிவாயைச் சுற்றிப் பனியை அகற்றவும்.
- ஆண்டுக்கு ஒரு முறை: குழாய் முழுவதும், பெட்டியின் உள்பகுதியும் சுத்தம் செய்யவும். பனிக்காலம் தொடங்குமுன் செய்வது நல்லது.

இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி டிரையருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். கடைசியாகக் குழாயைச் சுத்தம் செய்த தேதியையும் அதன் கீழே குறியுங்கள். இன்று எந்தத் தேதியும் உங்கள் நினைவுக்கு வரவில்லையென்றால், அடுத்த துணியைப் போடுமுன் வெளியே போய் அந்த மூடி திறக்கிறதா என்று பாருங்கள்.